மூக்கைப் பொத்திய நேரம்

என் மச்சான் நெய்னா முகம்மதுவுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. துபாய் கராமாவில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே அத்தர் கடையில் அவரோடு காலம் தள்ளுகிறேன். கடை லைசென்ஸ் அவருடையது. கலவை மேசை என்னுடையது. கடைக்கு வருகிற அரபிப் பெண்கள் கல்லாவில் இருக்கிற அவரை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். நேரே என் மேசைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, புறங்கையை நீட்டுவார்கள். கண்ணாடிக் குச்சியால் ஊது என்கிற அகில் எண்ணெயில் ஒரு சொட்டு, ரோஜாவில் ஒரு சொட்டு என்று தொட்டு வைத்து, அவரவருக்கென்று ஒரு முகல்லத் கலந்து கொடுப்பேன். முகல்லத் என்றால் பல அத்தர்களைச் சேர்த்த கலவை. ‘யஹ்யா கலந்ததா?’ என்று என் பேரைச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்குவார்கள். மச்சானுக்கு இதில் இருபத்திரண்டு வருஷ வயிற்றெரிச்சல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக எனக்கு மூக்கு கிடையாது. முகத்தில் இருக்கிறது, வேலை செய்யாது. கொரோனாக் காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது வாசத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரோஜாவும் ஒன்றுதான், குப்பைத் தொட்டியும் ஒன்றுதான். டாக்டர் திரும்பி வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்லத் தனியாக ஃபீஸ் வேறு வாங்கினார்.

விஷயம் வெளியே தெரிந்தால் அன்றைக்கே மேசை போய்விடும். மூக்கில்லாத அத்தர்க்காரனை எவன் வைத்துக்கொள்வான்? அதனால் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன், என் மனைவி ஆபிதாவிடம். அவள் மச்சானின் சொந்தத் தங்கை. எங்கள் கட்டடத்தில் எந்த மாடியில் யார் வீட்டுப் பருப்பு அடிப்பிடித்தது என்று லிஃப்டில் நின்றபடியே சொல்லிவிடுகிற மூக்கு அவளுக்கு.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை அடைப்பு. கராமாவே தூங்குகிற அந்த மூன்று மணி நேரத்தில்தான் எங்களுக்கு வேலை. பாட்டில்களைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஆபிதா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவாள். முகர்வாள். “ஊது தூக்கலா ஈக்கு, ரெண்டு சொட்டுக் குறைங்க. குங்குமப்பூ மூணு போதும்” என்பாள். நான் எழுதிக்கொள்வேன். நாலு மணிக்குக் கடைக்கு வந்து, அதே சொட்டுக்கணக்கில் வாடிக்கையாளர் முன்னால் கலப்பேன். பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டுவேன். அந்தத் தலையாட்டல் மட்டும்தான் என்னுடையது. இருந்தும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், “இன்னிக்கு என் கலவைய ரொம்பப் புகழ்ந்தாங்க” என்று அவளிடமே சொல்வேன். அவளும் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொள்வாள்.

வீட்டில் கலக்கிறதை நீயே கடைக்கு வந்து கலந்தால் என்ன என்று யாராவது ஆபிதாவிடம் கேட்கலாம். எங்கள் கீழக்கரைக் குடும்பத்தில் பெண்கள் கடைக்கு வரக்கூடாது. மச்சான் போட்ட சட்டம். வாப்பா காலத்துச் சட்டம் என்பார். வாசலில் வந்து சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்கக்கூட ஆபிதாவை விட்டதில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

நோன்பு முடிந்து ஆபிதா ஒரு மாதம் ஊருக்குப் போனபோதுதான் வினை வந்தது. இருபது வருஷ வாடிக்கைக்காரி ஒருத்தி, ஷார்ஜாவிலிருந்து வருகிற கிழவி, அவசரமாகக் கேட்டாள் என்று பழைய கணக்கைப் பார்த்து நானே கலந்து கொடுத்தேன். சந்தன எண்ணெய் கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்த அம்மா பாட்டிலைக் கொண்டுவந்து மச்சான் முன்னால் வைத்து, பொரித்த எண்ணெய் வாசம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். மச்சான் திறந்து முகர்ந்தார். அவர் மூக்கு சாதாரண மூக்கு. வாசம் எது நாற்றம் எது என்று மட்டும் தெரியும். எனக்கு அதுகூட இல்லையே. பாட்டிலை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அன்றிலிருந்து நான் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் கல்லாவிலிருந்து அந்தக் கண் என் மேல்தான் இருக்கும்.

ஜூலையில் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற கம்பெனி, டீலர்களை ஐந்து நாள் நமீபியாவுக்குக் கூட்டிப்போனது. மச்சானுக்கு ஜோடி டிக்கெட். அவர் மனைவிக்கு முழங்கால் வலி என்று அந்த டிக்கெட் ஆபிதாவுக்கு வந்தது. எனக்கு ஒன்று தனியாகக் கேட்டு வாங்கியிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். என்னைக் கூட்டிப்போக அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கடையில் வைத்துச் சொன்னார்.

“மச்சான், நாலாம் நாளு கடல்நாய் பாக்கக் கூட்டிப்போறாங்களாம். லட்சக்கணக்குல கெடக்குமாம். அங்க அடிக்கிற நாத்தத்துல மனுசன் நிக்க முடியாதாம். ஒங்க மூக்குக்குத் தாங்குமா?”

“மூக்குள்ளவனுக்குத்தான கஷ்டம். நீங்க பயப்படாம வாங்க” என்றேன்.

சிரித்தார். 

இது எனக்கு வைத்த பரீட்சை என்று புரிந்துவிட்டது. சரி, பாஸ் பண்ணிக் காட்டுகிறேன் என்று நானும் இறங்கினேன். யூடியூபில் அந்த இடத்துக்குப் போனவர்களின் வீடியோவாகத் தேடிப் பார்த்தேன். ஒவ்வொருவனும் வண்டியிலிருந்து இறங்கியதும் முகம் சுளிக்கிறான், சட்டையைத் தூக்கி மூக்கை மூடுகிறான், ஒருத்தி கண்ணீர் விடுகிறாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நானும் பழகினேன். கைக்குட்டை, முகச்சுளிப்பு, இரண்டு இருமல். ஆபிதா கதவருகே நின்று பார்த்துவிட்டு, “இம்புட்டு வேணாம். நீங்களா ஒண்ணும் செய்யாதீக. நான் முக்காட்ட மூக்குக்கு இழுப்பேன். அதப் பாத்துட்டு நீங்க பொத்துங்க” என்றாள். நல்ல யோசனைதான். அதன்படி நடந்திருந்தால் இன்றைக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பேன்.

நாலாம் நாள் காலையில் ஸ்வாகோப்முண்ட் என்கிற கடற்கரை ஊரிலிருந்து வேனில் கிளம்பினோம். மற்ற டீலர்கள் பாலைவன மணல்மேட்டில் சறுக்கப் போய்விட்டார்கள். மணல் பார்க்கத் துபாயிலிருந்து இவ்வளவு தூரம் வந்த புத்திசாலிகள். வேனில் நாங்கள் மூன்று பேரும் ஓட்டுநரும்தான். ஓட்டுநர் அந்த ஊர்க்காரர், ஆங்கிலத்தில் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். மச்சான் முன் சீட்டில் இருந்துகொண்டு, பின்னால் இருந்த என்னைக் குத்திக்கொண்டே வந்தார்.

“ஆபிதா, ஷார்ஜாக் கெழவி ரெண்டு மாசமா வரலை தெரியுமா? பக்கத்துத் தெருவுல வாங்குறாளாம்.”

ஆபிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வயசாயிட்டா எல்லாம் மழுங்கிப்போவும். கண்ணு, காது, மூக்கு. குத்தம் சொல்லல. ஒத்துக்கிட்டு ஒதுங்கிறணும். அதுதான் மரியாத.”

“ஒங்களுக்கு என்னைவிட ஒம்போது வயசு கூட மச்சான். ஒதுங்குறதா இருந்தா நீங்கதான் முன்னால போவணும்” என்றேன்.

“நான் கல்லாவுலதான உக்காந்திருக்கேன். கல்லாவுக்கு மூக்கு எதுக்கு?”

ஆபிதா என் முழங்கையை அழுத்தினாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. ஓட்டுநர் காற்றைப் பற்றி ஏதோ சொன்னார், அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வேன் ஒரு மேட்டில் நின்றது. எதிரே கடலோரப் பாறைகள் பூராவும் பழுப்பு நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. அவ்வளவும் கடல்நாய். பக்ரீதுக்கு முந்தின நாள் ஆட்டுச் சந்தை போல ஒரே கத்தல்.

கோபத்தில் யாருக்கும் காத்திருக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். இறங்கிய சூட்டில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினேன். முகத்தைச் சுளித்தேன். இரண்டு தடவை இருமினேன். பழகியதைவிட நன்றாகவே வந்தது.

“யா அல்லா. என்ன நாத்தம் இது, கொடலப் பொரட்டுது” என்றேன்.

 திரும்பிப் பார்த்தேன். மச்சான் வேனின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று காற்றை இழுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். ஆபிதா இறங்கி நின்றிருந்தாள். அவள் முக்காடு மூக்குக்கு வரவில்லை, கழுத்தோடு கிடந்தது. வெயிலில் வறுத்த மாதிரி அவள் முகம் கறுத்துவிட்டது.

“எதைச் சொல்றீக மச்சான்? எனக்கு ஒண்ணும் தெரியலியே” என்றார் அவர்.

ஓட்டுநர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, நிதானமாக விளக்கினார். வேனிலேயே சொன்னேனே, இன்றைக்குக் கிழக்குக் காற்று, பாலைவனத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது, வாடை முழுவதையும் கடல் பக்கம் தள்ளிவிடும், இப்படி ஒரு நாள் அமைவது அதிர்ஷ்டம், இங்கே ஒன்றும் தெரியாது, கீழே நடைபாலத்தில் காற்று மறைகிற இடத்துக்குப் போனால்தான் தெரியும் என்றார்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் கிழக்கிலிருந்து வருகிற கொண்டல் எது, மேற்கிலிருந்து வருகிற கச்சான் எது என்று சின்னப் பிள்ளைகூடக் காற்றைப் பார்த்துச் சொல்லும். என் சட்டை முதுகோடு ஒட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது. காற்று எனக்குப் பின்னாலிருந்து கடலுக்குப் போவதை என் முதுகே சொல்லியிருக்கிறது. நான்தான் நடிப்பில் இருந்தேன். கைக்குட்டையை மெதுவாக மடித்துப் பையில் வைத்தேன். அந்த நிமிஷம் மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

மரப்பலகை நடைபாலம் கடல்நாய்களுக்கு நடுவே போகிறது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கட்டை. கட்டைக்குக் கீழேயே அதுகள் கிடந்தன. கொழுத்து, ஈரமாக, ஒன்றின் மேல் ஒன்று. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பதைக் கடிப்பதும், பல்லைக் காட்டி உறுமுவதும், மறுபடி தூங்குவதும்தான் பிழைப்பு. ஒன்று என் செருப்பை நோக்கி எக்கிப் பல்லைக் காட்டியது. நானும் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

கடலிலிருந்து ஒரு தாய் ஏறி வந்து கத்தியது. நாலைந்து குட்டிகள் அதனிடம் ஓடி வந்தன. முதலில் வந்ததை முகர்ந்து பார்த்து, கழுத்தைக் கவ்வித் தூக்கி எறிந்தது. இரண்டாவதையும் எறிந்தது. மூன்றாவதை முகர்ந்துவிட்டுப் படுத்துப் பால் கொடுத்தது.

“எப்படிக் கண்டுபுடிக்கிது?” என்று ஆபிதா ஓட்டுநரிடம் கேட்டாள். முதலில் குரல், பிறகு வாசம், மூக்கு சொன்ன பிறகுதான் பால் கொடுக்கும் என்றார் அவர்.

“பாத்தீகளா மச்சான்? மூக்கு இல்லாட்டா இதுக்குச் சொந்தப் புள்ளயே தெரியாது” என்றார் மச்சான், என் காதருகே வந்து.

நான் அவரைத் தாண்டி முன்னால் நடந்தேன். பாலம் வளைந்து கடலோரமாக இறங்கியது. அங்கே பெரிய பாறை ஒன்று மறைத்து, சட்டையின் படபடப்பு நின்றது. காற்று இல்லை.

முதலில் ஓட்டுநர் மூக்கைப் பிடித்தார். ஆபிதா முக்காட்டை இழுத்துக் கண் மட்டும் தெரிய மூடினாள். எனக்கு வேண்டிய அடையாளம் அதுதான், கண்ணுக்கு முன்னால் கிடைத்தது. கைக்குட்டையும் பையில் இருந்தது. எடுக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை கோமாளி ஆக முடியாது என்று ஒரு வீம்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மச்சான் இரண்டு எட்டு வைத்தார். நின்றார். கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக் குனிந்து, காலையில் ஹோட்டலில் சாப்பிட்டது அத்தனையையும் வெளியே தள்ளினார். கீழே கிடந்த கடல்நாய்கள் உறுமிக்கொண்டு விலகின. திரும்பத் திரும்ப வாந்தி. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். நான் அவர் பக்கத்தில் நின்று, பூங்காவில் நிற்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?”

“இல்ல.”

“எப்பலேர்ந்து?”

“காய்ச்சல் வந்ததுலேர்ந்து. மூணு வருஷம். இப்ப என்ன செய்யணும்கிறீக?”

சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் கத்துவார், நானும் கத்தலாம் என்று தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. கடையின் மூன்று வருஷத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

“அப்ப கலந்தது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆபிதா முக்காட்டை மூக்கிலிருந்து இறக்கினாள். அந்த நாற்றத்தில் முகத்தைத் திறந்துகொண்டு நின்றாள்.

“நான்தான் காக்கா” என்றாள் அண்ணனைப் பார்த்து.

“ஷார்ஜாக் கெழவி மக கல்யாணத்துக்குக் கலந்தது? அந்தம்மா துவா செஞ்சிட்டுப் போச்சே?”

“நான்தான்.”

“போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு, வெள்ள ஊதுல? வரிசைல நின்னு வாங்குனாங்களே?”

“அதுவும் நான்தான்.”

ஒவ்வொரு ‘நான்தானும்’ என் கன்னத்தில் விழுந்தது. அதில் ஒவ்வொன்றுக்கும் நான் அவளிடமே பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் குரலில் கோபம் இல்லை. பெருமை இருந்தது. அவளிடம் அப்படியொரு குரல் இருக்கிறது என்று கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் எனக்குத் தெரியாது.

மச்சான் கட்டையில் சாய்ந்துகொண்டார். “கெழவிக்குக் கெட்டுப்போனதக் கொடுத்தது, இவ ஊருக்குப் போயிருந்தப்பதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

“நாம திரும்பிப்போனதும் நீங்க மேசையில உக்கார வேணாம். ஆபிதா உக்காரட்டும். பின்னால ரூம்ல ஒரு மறைப்புக் கட்டித் தர்றேன்.”

“ரூம்ல இல்ல காக்கா. முன்னால, மேசையில” என்றாள் ஆபிதா. “இம்புட்டு நாளும் வேற வழியில்லாம கலந்தேன். கையில வச்சுப் பாக்காம எப்படிக் கலக்குறது? ஒருத்தர் மேனியில மணக்குறது இன்னொருத்தர் மேனியில மணக்காது.”

மச்சான் கடலைப் பார்த்தார். “சரி” என்றார்.

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் வாப்பா பேரைச் சொல்லிக் காப்பாற்றிய சட்டம், ஒரு ‘சரி’யில் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சான் மேலா, அவள் மேலா என்று தெரியாத கோபம். மேசை போகும் என்று பயந்தேனே தவிர, அது அவளுக்குப் போகும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வேறு எவனாவது வந்து உட்கார்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நம்ம வீட்டுப் பொம்பளைங்க கடைக்கு வரப்படாதுன்னு சொன்னது நீங்கதான?”

“சொன்னேன். இப்ப வரலாம்னு சொல்றேன்.”

“நீங்க சொன்னா ஆச்சா? அவ எனக்குப் பொண்டாட்டி. எனக்குச் சம்மதம் இல்ல. அவ கடையில வந்து உக்கார மாட்டா. மேசை காலியாக் கெடந்தாலும் கெடக்கட்டும்.”

கத்திவிட்டேன். பக்கத்தில் கிடந்த குட்டிகள் மிரண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஓட்டுநர் கையைக் காட்டி, சத்தம் வேண்டாம், பயந்து ஓடினால் குட்டிகளை மிதித்துவிடும் என்றார். நான் ஆபிதாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிவாள், என் பக்கம் வந்து நிற்பாள் என்று நிச்சயமாக நினைத்தேன். மூன்று வருஷமாக என் ரகசியத்தைக் காத்தவள். என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அவள் இருந்த இடத்திலேயே நின்றாள்.

“மூணு வருஷமா நான் கடையிலதான் ஈக்கேன்” என்றாள். “நீங்கதான் அங்க இல்ல.”

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாலத்தில் ஏறி நடந்தாள். ஓட்டுநர் அவள் பின்னால் போனார். நானும் மச்சானும் மட்டும் நின்றோம்.  அவள் சொன்னதில் மறுக்க ஒரு வார்த்தைகூட இல்லை.  கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மச்சான் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் அடித்திருப்பேன், அல்லது அடி வாங்கியிருப்பேன், ஏதாவது ஒன்று நடந்து முடிந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. வாந்தி எடுத்துச் சிவந்திருந்த கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணில் பகை இல்லை. வாய் கொப்பளிக்க எடுத்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை, தான் கொப்பளிக்காமல், என்னிடம் நீட்டினார்.

“குடிங்க மச்சான்” என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்கிக் குடித்தேன்.